ஆமைக்குஞ்சு கடலுக்குப் போகவில்லையா? ஸ்கிராட்ச் விலங்கு விளையாட்டுக்கான பிழை நீக்கும் வழிமுறை

காவிரிப் படுகையின் அருகிவரும் உயிரினங்களை வைத்து கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் 3 மென்பொருளில் விளையாட்டு செய்து, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கத்துப் பள்ளிக் கணினி அறைகளில் ஓட்டும் ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் இந்த வழிமுறை. இத்தகைய விளையாட்டுகளின் வடிவம் பெரும்பாலும் ஒன்றுதான். ஆமைக்குஞ்சுகளைக் கடலில் சேர்ப்பது ஒரு நிலை, விலங்கை அதன் வாழிடத்தில் இழுத்து வைப்பது ஒரு நிலை, பெயரைத் தட்டச்சு செய்வதும் விடுபட்ட எழுத்தை நிரப்புவதும் இன்னொரு நிலை.

ஸ்கிராட்சில் பிழை நேர்ந்தால் எச்சரிக்கை எதுவும் வராது. விளையாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், விளைவு மட்டும் தவறாக இருக்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தை அதைக் கோளாறு என்று நினைக்காது. ஆமை அப்படித்தான் போலிருக்கிறது என்றோ, நமக்குத்தான் தெரியவில்லை என்றோ நினைத்துக்கொள்ளும். ஆகவே குழந்தைக்குத் தவறான பாடம் சொல்லும் கோளாறுகளை முதலில் சரிசெய்யுங்கள். சத்தம் வராதது, மெதுவாக ஓடுவது எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கீழே உள்ள வரிசையும் அப்படித்தான்.

எதிலும் கை வைப்பதற்கு முன் கோப்பைத் தேதி போட்ட வேறு பெயரில் ஒரு நகல் சேமித்துக்கொள்ளுங்கள்.

சரியான விடையைத் தட்டினாலும் ‘தவறு’ என்கிறது

வெளிமான் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குக் குழந்தை ‘கோடியக்கரை’ என்று தட்டுகிறது. திரையில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. ஆனாலும் தவறு என்று வருகிறது. முதலை எந்த ஆற்றில் என்று கேட்டு ‘கொள்ளிடம்’ என்று தட்டினாலும் இதே கதை.

காரணம் கொ, கோ எழுத்துகளில் இருக்கிறது. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாக எழுத முடியும். க-வுக்குப் பிறகு ோ என்ற ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. முதலில் ே, பிறகு ா என்று இரண்டு குறிகளாகச் சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஸ்கிராட்சின் சமக்குறிக் கட்டம் குறிகளை அப்படியே ஒப்பிடுவதால் அதற்கு இவை வேறு வேறு சொற்கள். சில விசைப்பலகைகளும் பழைய எழுத்துரு மாற்றிகளும் இரண்டாவது விதத்தில்தான் எழுத்தைத் தருகின்றன.

சோதித்துப் பார்க்க, ‘லெங்த் ஆஃப்’ கட்டத்துக்குள் ‘ஆன்சர்’ கட்டத்தைப் போட்டு, குழந்தை விடை தட்டிய பிறகு அதன்மேல் ஒருமுறை சொடுக்குங்கள். கோடியக்கரை என்பது 10 என்று வரவேண்டும். 11 என்று வந்தால் ஒன்று ோ பிரிந்திருக்கிறது, அல்லது சொல்லின் முன்னோ பின்னோ ஓர் இடைவெளி ஒட்டியிருக்கிறது. ‘லெட்டர் 2 ஆஃப்’ போட்டுப் பாருங்கள். ோ என்றோ (இடைவெளி முன்னால் இருந்தால்) க என்றோ வந்தால் எழுத்து சரி, இடைவெளிதான் கோளாறு. ே என்று வந்தால் எழுத்து பிரிந்திருக்கிறது. கொள்ளிடத்துக்கு இதே கணக்கு 9-ம் 10-ம்.

தீர்வு இரண்டு படி.

1. ‘சரியான விடைகள்’ என்று ஒரு லிஸ்ட் செய்து, ஒவ்வொரு விடையையும் இரண்டு வடிவத்திலும் அதில் சேருங்கள். ‘ஆன்சர் = கோடியக்கரை’ என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, லிஸ்டுக்குள் ஆன்சர் இருக்கிறதா என்று பார்க்கும் ‘கன்டெய்ன்ஸ்’ கட்டத்தைப் போடுங்கள்.

2. இடைவெளியை நீக்கத் தனிக் கட்டம் ஸ்கிராட்சில் கிடையாது. ‘சுத்தவிடை’ என்று ஒரு வேரியபிள் (மதிப்பைச் சேமிக்கும் பெட்டி) வைத்து அதை வெறுமையாக்குங்கள். ஆன்சரின் நீளம் எவ்வளவோ அத்தனை முறை சுற்றும் ஒரு ரிப்பீட் போட்டு, ஒவ்வொரு குறியாக எடுத்து, அது இடைவெளி இல்லையென்றால் மட்டும் ‘ஜாயின்’ மூலம் சுத்தவிடையோடு ஒட்டுங்கள். ஒப்பிடுவது சுத்தவிடையைத்தான். ‘கடல் பசு’ என்று பிரித்து எழுதினாலும் ‘கடல்பசு’ என்று சேர்த்து எழுதினாலும் இதனால் ஒன்றாகிவிடும்.

அதே லிஸ்டில் மற்றப் பெயர்களையும் சேர்த்துவிடுங்கள். கடல்பசுவை ஆவுளியா என்று எழுதும் பிள்ளை தவறு செய்யவில்லை. வெளிமானைப் புல்வாய் என்றோ கலைமான் என்றோ எழுதினாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஊர்ப் பெயர்களுக்கும் இது பொருந்தும். ஆவுளியாவின் இருப்பிடம் மன்னார் வளைகுடா மட்டும்தான் என்று பழைய வினாத்தாளைப் பார்த்து விடை வைத்திருந்தால், மல்லிப்பட்டினத்துப் பிள்ளை பாக் விரிகுடா என்று எழுதும்போது மதிப்பெண் போய்விடும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2022 செப்டம்பரில் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அணைக்கரைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொள்ளிடத்து முதலையைப் பற்றி விளையாட்டு செய்தவரைவிட அதிகம் தெரிந்திருக்கும். விடைப் பட்டியல் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

விளக்கை அணைத்த பிறகும் குஞ்சுகள் விளக்கை நோக்கியே ஓடுகின்றன

எல்லாவற்றிலும் மோசமான கோளாறு இது. முட்டையிலிருந்து வெளிவந்த ஆமைக்குஞ்சு இரவில் வெளிச்சம் அதிகமுள்ள அடிவானத்தை நோக்கி நகரும். இயற்கையில் அது கடல்பக்கம். கரையில் தெருவிளக்கு எரிந்தால் குஞ்சு ஊர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது. விளக்கை அணைத்தால் குஞ்சு பிழைக்கும் என்பதைச் சொல்லத்தான் அந்த நிலையே இருக்கிறது. குழந்தை விளக்கை அணைத்த பிறகும் குஞ்சுகள் ஊருக்குள் போய்ச் செத்தால், விளக்கால் ஒன்றும் இல்லை என்ற பாடத்தைத்தான் அது கற்றுக்கொண்டு போகும்.

விளக்கு ஸ்பிரைட்டை, அதாவது மேடையில் உள்ள விளக்கு உருவத்தை, ‘ஹைட்’ செய்தால் அது கண்ணுக்குத்தான் மறைகிறது. மேடையில் அதன் இடம் அப்படியே இருக்கிறது. ‘பாயின்ட் டுவர்ட்ஸ்’ கட்டம் மறைந்த ஸ்பிரைட்டையும் நோக்கித் திரும்பும்.

‘விளக்கு எரிகிறது’ என்று ஒரு வேரியபிள் வையுங்கள். உருவாக்கும்போது ‘ஃபார் ஆல் ஸ்பிரைட்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘ஃபார் திஸ் ஸ்பிரைட் ஒன்லி’ கொடுத்தால் விளக்கு மாற்றுவது குஞ்சுக்குத் தெரியாது. விளக்கைச் சொடுக்கினால் 1, 0 என்று மாறட்டும். குஞ்சின் குளோனில் (ஓடும்போது உருவாகும் நகலில்), 1 என்றால் விளக்கை நோக்கித் திரும்பு, இல்லையென்றால் கடலின் திசைக்குத் திரும்பு என்று எழுதுங்கள். இந்த ‘இஃப் எல்ஸ்’ கட்டம் ‘ஃபார்எவர்’ சுழலுக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே வைத்தால் குஞ்சு பிறந்த கணத்தில் ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டு, விளக்கு அணைந்தது தெரியாமலே போய்க்கொண்டிருக்கும்.

கடலின் திசை எது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கிராட்சில் 90 வலம், -90 இடம், 0 மேல், 180 கீழ். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிக் கடற்கரையை வடக்கு மேலாக வரைந்தால் கடல் வலப்பக்கம், அதாவது 90. முத்துப்பேட்டைப் பக்கம் கடல் தெற்கே, அதாவது 180. பின்னணிப் படத்தை அழகுக்காக இடவலமாகத் திருப்பிவிட்டுத் திசையை மாற்ற மறப்பதுதான் வழக்கமாக நடப்பது.

நான்காவது கூட்டிலிருந்து குஞ்சே வரவில்லை

பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி ஒரு கூட்டில் ஏறத்தாழ 100 முட்டை இடும். அந்த எண்ணை அப்படியே வைத்துக் கூட்டுக்கு 100 குளோன் போட்டால் மூன்று கூட்டோடு கதை முடிந்தது. ஸ்கிராட்சில் ஒரே நேரத்தில் 300 குளோன்தான் இருக்க முடியும். அதற்கு மேல் கேட்டால் எதுவும் சொல்லாமல் விட்டுவிடும். நான்காவது கூட்டின் முட்டை கெட்டுப்போய்விட்டது என்று குழந்தை நினைக்கும்.

கூட்டுக்கு 25 குஞ்சாக வெளியே விடுங்கள். அவை கடல் சேர்ந்ததும் அடுத்த 25 வரட்டும். நான்கு கூட்டுக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் 100 குளோன்தான் இருக்கும்.

கடல் சேர்ந்த குளோனை அழிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘எக்ஸ் பொசிஷன் 240-ஐத் தாண்டினால் டிலீட் திஸ் குளோன்’ என்றுதான் பலரும் எழுதுவார்கள், மேடையின் வலது விளிம்பு 240 என்பதால். ஆனால் ஸ்கிராட்ச் ஸ்பிரைட்டை மேடைக்கு வெளியே முழுதாகப் போக விடுவதில்லை, விளிம்பிலேயே பிடித்து நிறுத்திவிடும். குஞ்சு மாதிரி சின்ன உருவம் 240-இலேயே ஒட்டிக்கொண்டு நிற்கக்கூடும். நிபந்தனை நிறைவேறாது, குளோன் அழியாது, 300 நிரம்பிவிடும். 225-ஐத் தாண்டினால் என்று எழுதுங்கள்.

ஒரு குஞ்சு கடல் சேர்ந்ததும் மதிப்பெண் விறுவிறுவென்று முப்பது நாற்பது ஏறுகிறதா? இதற்கும் காரணம் அந்த அழியாத குளோன்தான். சுழல் நொடிக்கு 30 முறை ஓடுகிறது, குஞ்சு தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மதிப்பெண். மதிப்பெண் கூட்டும் கட்டத்துக்கு அடுத்த வரியிலேயே ‘டிலீட் திஸ் குளோன்’ வந்தால் போதும்.

கோடியக்கரைப் புல்வெளியைக் காட்டப் புல்லையும் புதரையும் குளோனாகப் போட்டிருந்தால் அவையும் இந்த 300-இல் சேரும். அசையாத பொருள்களுக்குப் பென் நீட்டிப்பில் உள்ள ‘ஸ்டாம்ப்’ போதும். வெட்டி எடுக்க வேண்டிய சீமைக்கருவேலத்துக்கு மட்டும் குளோன் வைத்துக்கொள்ளுங்கள்.

விடுபட்ட எழுத்து விளையாட்டில் புள்ளி வட்டம் வருகிறது

வெளிமான் என்பதில் நான்கு எழுத்து. ‘லெங்த் ஆஃப்’ 8 என்று சொல்லும். வ, ெ, ள, ி, ம, ா, ன, ் என்று உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. ‘லெட்டர் 2’ கேட்டால் துணையில்லாத ஒற்றைக் கொம்பு புள்ளி வட்டத்தோடு வந்து நிற்கும்.

சொல்லை ஸ்கிராட்ச் பிரிக்கும்படி விடாதீர்கள். ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு லிஸ்ட் செய்து, எழுத்துக்கு ஒரு வரிசையாக வெ, ளி, மா, ன் என்று நீங்களே போடுங்கள். நிறைய விலங்குகள் இருந்தால் நோட்பேடில் வரிக்கு ஓர் எழுத்தாக அடித்து யுடிஎஃப்-8 ஆகச் சேமித்து, மேடையில் தெரியும் லிஸ்டின்மேல் வலது சொடுக்கு கொடுத்து ‘இம்போர்ட்’ செய்யலாம். எக்செலிலிருந்து எடுப்பதானால் ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வி கொடுத்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும்.

புத்தகம் ஒன்று சொல்கிறது, விளையாட்டு வேறொன்று சொல்கிறது

கட்டங்களில் தேடிப் பயனில்லை, தரவு பழசாகியிருக்கும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (ஐயுசிஎன்) செம்பட்டியல் அவ்வப்போது மாறுகிறது. வெளிமான் 2017-இலிருந்து ‘கவலை குறைந்த இனம்’ என்ற வகையில் இருக்கிறது. பச்சை ஆமை நெடுங்காலம் ‘அருகிய இனம்’ ஆக இருந்து, 2025 அக்டோபரில் ‘கவலை குறைந்த இனம்’ என்று மாற்றப்பட்டது. ஆலிவ் ரிட்லி, ஆவுளியா, காவிரியிலும் கொள்ளிடத்திலும் வாழும் நீர்நாய், சதுப்புநில முதலை நான்கும் ‘அழிவாய்ப்பு இனம்’ என்ற வகையில் உள்ளவை.

உலகப் பட்டியலில் கவலை குறைந்தது என்றால் இங்கே பாதுகாப்பு தேவையில்லை என்று பொருளல்ல. 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதாவது மிக உயர்ந்த பாதுகாப்பு. விளையாட்டில் ‘நிலை’ என்று ஒரே லிஸ்ட் வைத்து இரண்டையும் குழப்புவதால்தான் தகராறு வருகிறது. ‘உலக நிலை’, ‘இந்தியச் சட்டம்’, ‘பார்த்த ஆண்டு’ என்று மூன்று லிஸ்டாகப் பிரியுங்கள். மூன்றிலும் ஒரே வரிசை எண்ணில் ஒரே விலங்கு வரவேண்டும். நடுவில் ஒரு விலங்கைச் சேர்த்துவிட்டு மற்ற லிஸ்டில் சேர்க்க மறந்தால் அதற்குக் கீழே உள்ள எல்லா விலங்குக்கும் நிலை ஒரு படி நகர்ந்துவிடும். புதிய விலங்கை எப்போதும் கடைசியிலேயே சேருங்கள். கேள்வியிலும் ‘செம்பட்டியலின்படி’ என்றோ ‘இந்தியச் சட்டத்தின்படி’ என்றோ தெளிவாகக் கேளுங்கள்.

சட்ட அட்டவணைகளும் மாறியிருக்கின்றன. 2022-இல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது, ஆறாக இருந்த அட்டவணைகள் நான்காயின. ஐந்தாம், ஆறாம் அட்டவணை என்று விடை இருக்கும் கேள்விகளை நீக்கிவிடுங்கள்.

விலங்கை இழுத்து வைக்க முடியவில்லை, அல்லது சரியான இடத்தில் வைத்தாலும் ஏற்கவில்லை

எடிட்டரில் இழுக்க முடிகிறது, முழுத்திரையில் முடியவில்லை என்றால் பச்சைக்கொடிக்குக் கீழே ‘செட் டிராக் மோட் டிராகபிள்’ கட்டம் இல்லை. ஒவ்வொரு விலங்கு ஸ்பிரைட்டிலும் அதைச் சேர்க்க வேண்டும்.

ஏற்கவில்லை என்றால் ‘டச்சிங் கலர்’ கட்டத்தைச் சந்தேகியுங்கள். கடற்புல் படுகையின் பச்சை நிறத்தை ஆவுளியா தொடுகிறதா என்று பார்க்கும்படி எழுதியிருப்பார்கள். பின்னணி ஒரு ஜேபெக் புகைப்படமாக இருந்தால் பச்சை என்று கண்ணுக்குத் தெரிவது நூறு விதப் பச்சையாக இருக்கும். நீங்கள் தேர்ந்த ஒன்று அங்கே இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. படுகையின் அளவுக்கு ஒரு தனி ஸ்பிரைட் வரைந்து மேலே வைத்து, அதைத் தொடுகிறதா என்று பாருங்கள். அந்த ஸ்பிரைட்டை ‘ஹைட்’ செய்யக் கூடாது, மறைந்த ஸ்பிரைட்டைத் தொட்டதாக ஸ்கிராட்ச் கணக்கில் எடுக்காது. ‘கோஸ்ட்’ விளைவை 100 ஆக்குங்கள். கண்ணுக்குத் தெரியாது, தொடுவதும் வேலை செய்யும்.

விலங்கு இடப்பக்கம் திரும்பினால் தலைகீழாகிறது

‘செட் ரொட்டேஷன் ஸ்டைல் லெஃப்ட்-ரைட்’ போடுங்கள். மேலிருந்து பார்ப்பதாக வரைந்த ஆமைக்குஞ்சுக்கு மட்டும் ‘ஆல் அரவுண்ட்’ இருக்கட்டும்.

தமிழ் கட்டம் கட்டமாகவோ ஆங்கிலக் கிறுக்கலாகவோ தெரிகிறது

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. லினக்ஸ் கணினிகளில் லோஹித் தமிழோ நோட்டோ சான்ஸ் தமிழோ நிறுவினால் பேச்சுக்குமிழில் எழுத்து வந்துவிடும். காஸ்ட்யூமுக்குள் எழுதிய தலைப்புகள் கணினிக்குக் கணினி மாறித் தெரியலாம். அவற்றை இங்க்ஸ்கேப்பில் எழுதி, ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து வடிவமாக மாற்றிய பிறகு ஏற்றுங்கள்.

ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பாடத்திலிருந்து நகலெடுத்திருக்கிறீர்கள். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் யூனிகோடாக்கி ஒட்டுங்கள். மாற்றிய பிறகு ொ, ோ உள்ள சொற்களின் நீளத்தை மேலே சொன்னபடி ஒருமுறை சரிபாருங்கள்.

சத்தம் வரவில்லை

கைப்பேசியில் பதிந்த குரலையோ வாட்ஸ்அப்பில் வந்த ஒலியையோ ஸ்கிராட்ச் அப்படியே ஏற்காது. அதற்குத் தெரிந்தவை டபிள்யூஏவி, எம்பி3 இரண்டும்தான். ஆடாசிட்டியில் திறந்து எம்பி3 ஆக ஏற்றுமதி செய்யுங்கள். ‘டெக்ஸ்ட் டு ஸ்பீச்’ நீட்டிப்பு இணையம் இல்லாமல் பேசாது, அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இல்லை. ஒரு பிள்ளையின் குரலிலேயே பதிந்துவிடுவது நல்லது. உலாவியில் தானாகத் தொடங்கும்படி அமைத்த விளையாட்டு, முதல் சொடுக்கு விழும்வரை ஊமையாகவே இருக்கும். ஒரு ‘தொடங்கு’ பொத்தான் வைத்தால் சரியாகிவிடும்.

திறக்கவே இல்லை, அல்லது ஆமையைவிட மெதுவாக ஓடுகிறது

ஸ்கிராட்ச் செயலிக்கு விண்டோஸ் 10 வேண்டும். லினக்ஸுக்கு அதிகாரபூர்வச் செயலி கிடையாது. பழைய கணினிகளுக்கு டர்போவார்ப் பேக்கேஜர் என்ற மாற்றியில் கோப்பை ஏற்றி, ஒரே எச்டிஎம்எல் கோப்பாக எடுத்துவிடுங்கள். இணையம் இல்லாமலே உலாவியில் ஓடும். விண்டோஸ் 7-க்குக் குரோமின் கடைசிப் பதிப்பு 109, அது இருந்தால் போதும். வெப்ஜிஎல் இல்லை என்று செய்தி வந்தால் உலாவி அமைப்பில் ‘சிஸ்டம்’ பகுதிக்குப் போய் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்து இயக்குங்கள்.

அனுப்பிய எஸ்பி3 கோப்பு (ஸ்கிராட்ச் சேமிக்கும் கோப்பு வகை) ஜிப் ஆக வந்து சேர்ந்தால் பிரித்துவிடாதீர்கள். எஸ்பி3 என்பதே உள்ளுக்குள் ஒரு ஜிப்தான். பெயரின் கடைசியை எஸ்பி3 என்று மாற்றினால் திறக்கும். பென் டிரைவிலிருந்தே ஓட்டாமல் கணினியில் நகலெடுத்து ஓட்டுங்கள்.

மெதுவாக ஓடினால் முதல் சந்தேகம் வெக்டர் படங்களின்மேல். புகைப்படத்தைத் தானியங்கியாக வெக்டராக்கிய நாரையில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் இருக்கும். காஸ்ட்யூம் பகுதியில் ‘கன்வர்ட் டு பிட்மேப்’ கொடுத்தால் பாரம் குறையும்.

மின்சாரம் போய்வந்தால் முதலிலிருந்து ஆட வேண்டியிருக்கிறது

ஸ்கிராட்சில் வேரியபிளின் மதிப்பு கோப்பைச் சேமித்தால்தான் நிற்கும். இணையத்தில் மதிப்பைச் சேமிக்கும் கிளவுட் வேரியபிள் எண்களை மட்டும் ஏற்கும், இணையமும் வேண்டும். எனவே நிலைக் குறியீடு வைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஒவ்வொரு நிலை முடிந்ததும் 2719, 4083 போல ஒரு நான்கிலக்க எண்ணைத் திரையில் காட்டுங்கள், பிள்ளை நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். தொடக்கத்தில் ‘குறியீடு இருக்கிறதா?’ என்று கேட்டு, அந்த எண்ணுக்குரிய நிலைக்கு நேரே அனுப்புங்கள். குறியீடு கேட்கும் கட்டம், பச்சைக்கொடியில் எல்லா வேரியபிளையும் சுழியாக்கும் கட்டங்களுக்குப் பிறகு வரவேண்டும். முன்னால் வைத்தால், அனுப்பிய நிலை மறுநொடியே சுழியாகி மறுபடி முதல் நிலைதான் வரும். வகுப்பின் மதிப்பெண்களைச் சேர்த்து வைக்க வேண்டுமானால் ஒரு லிஸ்டில் ஏற்றி, வகுப்பு முடியும் முன் அதன்மேல் வலது சொடுக்கு கொடுத்து ‘எக்ஸ்போர்ட்’ செய்துகொள்ளுங்கள்.